மரை கழண்டவன் எழுதும் மடல்

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம், கச்சிராயபாளையம் பக்கத்து ஸ்டுடியோ வீட்டுப் பிள்ளைகளுக்கு,

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையின் எடைத்தட்டில் ஜெனிட் கேமரா ஒன்றைப் பார்த்தேன். எரிந்துபோன டேபிள் ஃபேன் மோட்டார், இரண்டு குக்கர் மூடி, அவற்றுக்கு நடுவே தோலுறை கிழிந்த ஜெனிட். அதன் முகத்தில் மூடிகூட இல்லாமல் ஒரு ஹீலியோஸ் 44-2. லென்ஸோடு சேர்த்துத் தூக்கினால் கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும். "அலுமினிய ரேட்டுதாங்க" என்றார் கடைக்காரர். குக்கர் மூடிக்கும் அதே ரேட்டுதான். காசைக் கொடுத்துவிட்டு, யார் போட்டது என்று கேட்டேன். ஒரு ஸ்டுடியோவின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை இதைப் படித்தால் ஒரு சேதி: தம்பி, உங்கப்பாவின் லென்ஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன், பூஞ்சை இல்லை.

உங்களில் பெரும்பாலானவர்கள் இப்போது மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டீர்கள். கல்யாண வீட்டில் உங்கள் தோளில் தொங்குவதைப் பார்க்கிறேன். அப்பா காலத்து ஜெனிட்டும் பிராக்டிகாவும் பென்டாக்ஸும் பீரோவின் மேல்தட்டில், கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளுக்குப் பின்னால் கிடக்கின்றன. ஃபிலிம் இல்லை, கழுவ ஆளில்லை, பிறகு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பாடி போனால் போகட்டும். அதன் லென்ஸை உங்கள் புதுக் கேமராவில் மாட்ட ஒரு வளையம் போதும், சில நூறு ரூபாய்தான். பத்து வருஷமாக இந்த மரை லென்ஸ்களைத் திருகிக்கொண்டே திரிவதால், நண்பர்கள் எனக்கு வைத்த பெயர்தான் தலைப்பில் இருக்கிறது. பெயர் வைத்தவர்களில் இரண்டு பேர் இப்போது என்னிடமே வளையம் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த லென்ஸ்கள் நம் ஊருக்கு எப்படி வந்தன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெளிநாட்டுக் கேமரா வாங்குவது பெரும்பாடாக இருந்த காலம் அது. இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் டாலரை விட்டுவிட்டு ரூபாயிலேயே வணிகம் செய்தன. கிழக்கு ஜெர்மனியோடும் அப்படித்தான். அந்த வழியில் டிராக்டரும் கணக்குப் புத்தகமும் வந்தன, கேமராவும் வந்தது. மீர் பதிப்பகத்துப் புத்தகத்தில் இயற்பியல் படித்த தலைமுறை, மீர்-1 என்ற 37 மி.மீ. லென்ஸையும் கண்டது. 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அது வாங்கிய பரிசை அதன் முகப்பிலேயே பொறித்திருப்பார்கள். ஜெனிட்டுக்கு ஊட்டி இந்து நகரில் தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமைப் போட்டு எடுத்தால், உள்ளூர் ஃபிலிம், ரஷ்யக் கண்ணாடி. என் தாய்மாமா கச்சிராயபாளையத்தில் இருபது வருஷம் அப்படித்தான் பிழைத்தார்.

அந்த ரஷ்யக் கண்ணாடியின் பூர்வீகமும் ஜெர்மனிதான். ஹீலியோஸ் 44, யேனா நகரத்து ஜெய்ஸ் நிறுவனத்தின் பயோட்டார் 58 மி.மீ. லென்ஸின் வழிவந்தது. மரையும் ஜெர்மன் மரைதான். 1949இல் டிரெஸ்டனில் வந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவில் பழகிய அளவு: விட்டம் 42 மி.மீ., பிட்ச் 1 மி.மீ. அதையே பிராக்டிகா எடுத்துக்கொண்டது, 1957இல் ஜப்பானின் அசாஹி பென்டாக்ஸ் எடுத்துக்கொண்டது, பிறகு ஜெனிட்டும் வந்து சேர்ந்தது. நம் ஸ்டுடியோக்காரர்கள் அதைப் 'பென்டாக்ஸ் மரை' என்றே சொல்வார்கள். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் மறுபேச்சில்லாமல் ஏறிய காலம். இன்றைக்கு நீங்கள் கேமரா பிராண்டை மாற்றினால் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கிறது.

இனி வளையத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதம் பொசுக்கியிருப்பீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கினாலும் தாழ்த்தினாலும் அந்த ஒளிப்புள்ளி பரந்து, சூடு போய்விடும். லென்ஸும் அதேதான். மரை லென்ஸின் அடித்தளத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. இருந்தால்தான் தூரத்து மலை தெளிவாக விழும். பழைய கேமராக்களில் நடுவில் மிரர் கண்ணாடி ஒன்று மேலே எழும்பிக் கீழே சாய இடம் வேண்டும், அதனால் அவ்வளவு இடைவெளி. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லை, எனவே இடைவெளி சுருங்கிவிட்டது. சோனியின் இ மவுன்டில் 18 மி.மீ., கேனான் ஆர்.எஃப்.பில் 20, நிகான் இசட்டில் 16. மிச்சமிருக்கும் தூரத்தை நிரப்புவதுதான் வளையத்தின் வேலை. சோனிக்கு 27.46 மி.மீ. உயரமுள்ள காலி டப்பா. உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது, இருக்கவும் கூடாது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். மிரர்லெஸ் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் இருந்த நிகான் டி.எஸ்.எல்.ஆரில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. மாமாவின் ஹீலியோஸை அதில் மாட்ட ஒரு மெல்லிய வளையம் தருவித்தேன். மரை ஏறியது, வளையம் பொருந்தியது, எனக்கு அது போதும் என்று பட்டது. ஒரு தை மாத விடியற்காலையில் வெள்ளிமலைக்கு வண்டியில் ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டி மேலே போகப் போகப் பனி. எந்தத் திருப்பத்தில் நிறுத்தி எடுத்தாலும் மலை மங்கல், மரம் மங்கல், கீழே கிடந்த அணைத் தண்ணீர் மங்கல். பனி விலகட்டும் என்று கரியாலூரில் டீ குடித்துக் காத்திருந்தேன். ஒன்பது மணிக்குச் சுள்ளென்று வெயில் அடித்தது. பனி போய்விட்டது, மங்கல் போகவில்லை!

பாறைமேல் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம் இருக்கும். அவள் பக்கம் திருப்பினேன். முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும், மூக்குத்தியும், விரலிடுக்கில் ஒட்டிய கடுக்காய்த் தூசியும் அப்படியே விழுந்தன. அவளுக்குப் பின்னால் இருந்த கல்வராயன் மலை முழுக்கக் கரைந்துபோயிருந்தது. "எவ்ளோ நேரமாத் திருவிக்கினே இருக்கற, கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கெட்டுப்போனது எது என்று வீட்டுக்கு வந்து பேப்பரில் கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது. 46.5இல் 45.46 போனால் மிச்சம் 1.04 மி.மீ. அந்த ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனதால் 58 மி.மீ. லென்ஸுக்குக் கண் தெரிவது மூன்றேகால் மீட்டர் வரைதான். பாட்டி சரியாக அந்த எல்லைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே நிகானின் பழைய டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் இந்த ஆட்டத்துக்கு வர வேண்டாம். லென்ஸ் கண்ணாடி வைத்த வளையம் என்று ஒன்று விற்பார்கள், தூரம் தெரியும், ஆனால் தெளிவு கெடும். கேனான் டி.எஸ்.எல்.ஆரில் இடைவெளி 44 மி.மீ. என்பதால் 1.46 மி.மீ. வளையத்தில் வேலை நடக்கும். ஃபுல் ஃப்ரேம் பாடியாக இருந்தால் மட்டும் சில லென்ஸ்களின் பின்பக்கம் கேமராக் கண்ணாடியில் இடிக்கும், பார்த்துத் திருப்புங்கள். மிரர்லெஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஆனாலும் எல்லா வளையமும் ஒன்றல்ல. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வளையத்தின் உயரம் 0.1 மி.மீ. கூடினாலே நம் 58 மி.மீ. லென்ஸின் பார்வை முப்பத்துநாலு மீட்டர் பக்கம் நின்றுவிடும். அந்தப் பயத்தில் மலிவான வளையங்களைத் தயாரிப்பவர்கள் கொஞ்சம் குட்டையாகவே கடைந்துவிடுகிறார்கள். அப்போது லென்ஸில் முடிவிலிக் குறி வருவதற்கு முன்பே மலை தெளிவாகிவிடும், குறியையும் தாண்டித் திருப்பினால் மறுபடி மங்கும். இது பழுதில்லை. குறியை நம்பாமல் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள், அவ்வளவுதான். மாட்டி இறுக்கியதும் லென்ஸின் எழுத்துகள் மேலே வராமல் பக்கவாட்டில் போய் நிற்பது இன்னொரு வழக்கம். சில வளையங்களில் சுற்றிலும் மூன்று பொடி ஸ்க்ரூ இருக்கும். தளர்த்தி, உள்வளையத்தைத் திருப்பி, மறுபடி இறுக்கினால் நேராகிவிடும்.

மரையிலும் ஏமாறுவீர்கள். டி-மவுன்ட் என்று ஒன்று உண்டு, அதுவும் 42 மி.மீ. விட்டம்தான், ஆனால் பிட்ச் 0.75. ஒரு சுற்று இதமாக ஏறும், பிறகு இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் இரண்டு மரையும் போச்சு. பழைய ஜெனிட்களில் சில 39 மி.மீ. மரை, அவற்றுக்கு 39-ஐ 42 ஆக்கும் பொடி வளையம் கிடைக்கிறது. அதே 39இல் ஃபெட், ஜோர்க்கி கேமராக்களின் லென்ஸும் உண்டு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இடைவெளி மட்டும் 28.8 மி.மீ. அவற்றுக்கு வளையமே வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் என் தை மாதக் கதைதான் உங்களுக்கும்.

வாங்குவதற்கு முன்னால் லென்ஸின் பின்பக்கத்தையும் பாருங்கள். சிறு ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதா? பழைய கேமரா ஷட்டரை அடிக்கும் கணத்தில் அந்த ஊசியை அழுத்தும், அப்போதுதான் உள்ளே அபெர்ச்சர் இதழ்கள் மூடும். உங்கள் கேமராவில் அழுத்த ஆளில்லை. அதனால் வளையத்தின் உள்ளே ஊசியை எப்போதும் அழுத்திப் பிடிக்கும் விளிம்பு இருக்க வேண்டும். அது இல்லாத வளையத்தை வாங்கிவிட்டு, "எஃப் 8 வைத்தாலும் எஃப் 2 மாதிரியே வருகிறது, லென்ஸ் போய்விட்டது" என்று விற்றவர்களை எனக்குத் தெரியும். ஹீலியோஸ் 44-2க்கு ஊசியே கிடையாது. அதில் இரண்டு அபெர்ச்சர் வளையங்கள் இருக்கும். ஒன்றில் அளவைக் குறித்து வைப்பீர்கள், இன்னொன்றைத் திறந்து வைத்து ஃபோகஸ் செய்துவிட்டுக் கண்ணை எடுக்காமலே மூடிக்கொள்வீர்கள். பழகுவதற்கு ஒரு வாரம் ஆகும்.

கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்க அனுமதி கொடுங்கள். கேமராவுக்குள்ளேயே ஸ்டெடி வசதி இருந்தால் 58 என்று எண்ணைக் கையால் போடுங்கள். ஃபோகஸ் விழுந்த விளிம்பைச் சிவப்பில் காட்டும் வசதியைப் போடுங்கள், ஆனால் அதை முழுசாக நம்பாமல் திரையைப் பெரிதாக்கிக் கண்மணியைப் பாருங்கள். இவ்வளவுதான் செட்டிங்.

சரி, படம் எப்படி வரும்? பின்னணி இலைகள் சுழல்வது போல வரும் என்று கேள்விப்பட்டுத்தான் பல பேர் ஹீலியோஸைத் தேடுகிறார்கள். லென்ஸின் ஓரத்தில் சாய்ந்து வரும் ஒளியை அதன் குழாயே கொஞ்சம் வெட்டிவிடுகிறது. அதனால் மங்கலான ஒளிப்புள்ளிகள் ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு போலச் சப்பி, நடுவைச் சுற்றி நிற்கின்றன. லென்ஸை முழுசாகத் திறந்து வைக்க வேண்டும், ஆள் ஐந்தாறு அடியில், பின்னால் சற்றுத் தள்ளி வெயில் ஊடுருவும் பலாமரம். கல்வராயனில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் உங்களுடையது சின்ன சென்சார் என்றால் அந்த ஓரம் முழுக்க வெட்டுப்பட்டுப் போகும், சுழலைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். அதற்குப் பதில் 58 மி.மீ. லென்ஸ் 87 மி.மீ. போலப் பார்க்கும், முகத்துக்கு அருமையான அளவு. எனக்கென்னவோ அந்தச் சுழல் ஒரு கல்யாண ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் தலை சுற்றுகிறது.

நான் இந்த லென்ஸை விரும்புவது வேறு காரணத்துக்கு. மெல்லிய கோட்டிங் என்பதால் கறுப்பு முழுக் கறுப்பாக விழாது, வெயிலில் நிற்கும் கறுத்த முகத்தின் நிழல் பக்கத்திலும் தோல் தெரியும். சூரியனுக்கு நேராகப் பிடித்தால் மட்டும் படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல வெளுக்கும். 49 மி.மீ. ஃபில்டர் மரையில் ஒரு ரப்பர் ஹூட் போட்டுக்கொள்ளுங்கள். தாலி கட்டும் நேரத்தில் இதைத் தொடவே தொடாதீர்கள். அந்த ஒரு நொடிக்கு உங்கள் ஆட்டோ ஃபோகஸ்தான் சாமி. மணப்பெண்ணின் பாட்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறாளா, அவளிடம் போங்கள். நீங்கள் திருகி முடிக்கும்வரை அவள் எங்கேயும் ஓடிவிட மாட்டாள்.

பூஞ்சை பற்றி ஒரு வார்த்தை. நம் மழைக்காலத்தில் தோலுறைக்குள் பூட்டி வைத்த லென்ஸ் ஒவ்வொன்றும் பூஞ்சைக்கு விருந்து. ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள், சிலந்திக் கால் போலத் தெரிந்தால் அதுதான். லேசாக இருந்தால் துடைத்து எடுக்கலாம், கோட்டிங்கைத் தின்றிருந்தால் தழும்பு நிற்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், இது போதும். அரிசிப் பானைக்குள் போட வேண்டாம், தவிட்டுத் தூசி மரையில் ஏறும். பென்டாக்ஸின் சூப்பர் டக்குமார் 50 எஃப் 1.4 உங்கள் வீட்டில் டீத்தண்ணி நிறத்தில் இருந்தால் பயப்படாதீர்கள். அதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது, வயதானால் மஞ்சளிக்கும். சில வாரம் வெயில் காட்டினால் பெரும்பாலும் தெளியும். வெயிலில் வைக்கும்போது அடியில் துணியோ காகிதமோ இருக்கக் கூடாது, பூதக்கண்ணாடி விளையாட்டை மறந்துவிடாதீர்கள்.

இப்போது நான் இந்த மடல் எழுத உண்மையில் காரணமாக இருந்த விஷயத்துக்கு வருகிறேன். இரும்புக் கடையில் அந்த ஜெனிட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு என்லார்ஜரின் இரும்புத் தூண் சாய்ந்து நின்றது. தலைப்பகுதியைக் காணோம். அதாவது அந்த ஸ்டுடியோவின் இருட்டறை காலியாகிவிட்டது. அப்படியானால் நெகட்டிவ்கள் எங்கே?

ஏன் கேட்கிறேன் என்றால், 1976 வரை கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அதன் பிறகு அரசாங்கம் மலை ஏறியது, மலைக்காரர்கள் அரசாங்கத்தைத் தேடிக் கீழே இறங்கினார்கள். கடன் விண்ணப்பம், பள்ளிக்கூடம், ஹாஸ்டல் சீட்டு, எல்லாவற்றுக்கும் போட்டோ. சந்தை நாளில் மாமாவின் ஸ்டுடியோத் திண்ணையில் வெள்ளிமலைப் பக்கத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தேன் பாட்டிலும் புளி மூட்டையும் பக்கத்தில் இருக்கும். ஒருவருக்கு மாமா கோட்டு மாட்டிவிடுவார், இன்னொருவர் கோட்டு வேண்டாம் என்று கோபித்துக்கொள்வார். அவர்களில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அது. படத்தை வாங்கிக்கொண்டு மலையேறிவிட்டார்கள். நெகட்டிவ் கீழேதான் தங்கியது. உங்கள் வீட்டுப் பரணில் இருப்பது வெறும் செல்லுலாய்ட் சுருள் என்று நினைத்தீர்களா?

அந்த நெகட்டிவ்களை இன்றைய படமாக மாற்ற ஸ்கேனர் தேட வேண்டாம். என்லார்ஜரின் தலையில் இருக்கும் லென்ஸைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 39 மி.மீ. மரைதான் இருக்கும். 39-ஐ 42 ஆக்கும் பொடி வளையம், ஒரு பெல்லோஸ் அல்லது மரை வளையச் செட், அப்புறம் உங்கள் மிரர்லெஸ்ஸுக்கான அதே வளையம். தட்டையான நெகட்டிவை மூலைக்கு மூலை தெளிவாகக் காட்டுவதற்கென்றே செய்த லென்ஸ் அது, இந்த வேலைக்கு ஹீலியோஸ் அதன் பக்கத்தில்கூட நிற்காது. 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸிலிருந்து சென்சார் வரை சுமார் 100 மி.மீ. இருந்தால் 35 மி.மீ. நெகட்டிவ் ஒன்றுக்கு ஒன்றாக ஃபுல் ஃப்ரேமை நிரப்பும். யாஷிகாவில் எடுத்த பெரிய சதுர நெகட்டிவ் என்றால் அதில் முப்பது மி.மீ. போலக் குறைத்துக்கொள்ளுங்கள். என்லார்ஜரின் தூணிலேயே கேமராவைக் கீழ்நோக்கிக் கட்டுங்கள், ஆடாது. அடியில் எல்.இ.டி. விளக்கு, அதன்மேல் பால் நிற அக்ரிலிக், இரண்டு விரற்கடை விட்டு நெகட்டிவ். அதைப் பிடிக்க ஒரு மரச்சட்டம் வேண்டும். மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சியில் அதைச் செய்து தர ஆளா இல்லை?

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி எண்ணிமமாக்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லா ஊர்ப் பரணிலும் ஏற முடியாது. நம் பரணில் நாம்தான் ஏற வேண்டும்.

மாமாவின் நெகட்டிவ்களில் இதுவரை இருநூற்றுச் சொச்சம் முடித்திருக்கிறேன். கவர்களில் அவர் பென்சிலால் எழுதியது ஊர்ப் பெயர் மட்டும்தான், ஆள் பெயர் இல்லை. போன வாரம் அவற்றில் நாற்பதைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். கோட்டு மாட்ட மறுத்தவரை மேகம் அருவிக்குப் போகும் வழியில் ஒரு வீட்டில் அடையாளம் கண்டுவிட்டார்கள். அவர் இல்லை, பேரன் இருக்கிறார். தாத்தாவின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே ஹீலியோஸுக்கு முன்னால், கிட்டத்தட்ட அதே கோபத்தோடு நின்றார். மீதி முப்பத்தொன்பது பேரை நான் ஒருவனே தேடி முடிக்க முடியாது.

வருகிற மாதம் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருப்பேன். சோனிக்கு இரண்டு, கேனானுக்கு ஒன்று, ஃபியூஜிக்கு ஒன்று என்று வளையங்கள் கையில் இருக்கின்றன. நீங்கள் பரணில் ஏறி, ஒரு லென்ஸும் ஒரு கவர் நெகட்டிவும் எடுத்து வாருங்கள். லென்ஸ் மரை ஏறாவிட்டால் முறுக்காதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள், வெர்னியர் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மரை கழண்டவன்